மூன்றாம் கமராவில் வந்தவர்

எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. மான் வேட்டைக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் வயிறு நோகச் சிரிப்பார்கள். கரப்பான் பூச்சியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். வேட்டையில் என் வேலை கமரா. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய, மரப்பட்டை நிறப் பெட்டிகள். காட்டில் இடுப்பளவு உயரத்தில் மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். முன்னால் உடற்சூடுள்ள ஏதாவது அசைந்தால் தானே படம் பிடிக்கும். உள்ளே சிம் அட்டை இருப்பதால் படம் அந்த நிமிடமே கைபேசிக்கு வந்துவிடும். அதோடு விடாது, வந்தது என்ன என்றும் அதுவே பார்த்துப் படத்தின் கீழே எழுதும். மான். நரி. நாய். மனிதர்.

இதற்குள் என்னை இழுத்தவர் எங்கள் அலுவலக மேலாளர். இழுத்தவர் என்பது பொய், நானாகத்தான் போய் விழுந்தேன். லண்டனின் தெற்கு ஓரத்தில், சிவப்பு பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்துக்கு அப்பால், ஒரு பண்ணையும் அதை ஒட்டி ஒரு காடும் உண்டு. மான்கள் பெருகிப் பயிரைத் தின்கின்றன என்று பண்ணைக்காரர் மேலாளருக்குச் சுட அனுமதி கொடுத்திருந்தார். எல்லாம் சட்டப்படிதான். மேலாளர் ஐந்து கமரா வாங்கிக் கட்டியிருந்தார். ஒரு நாளைக்கு நானூறு படம் வருகிறது, நானூறிலும் காற்றில் ஆடும் பன்னச்செடிதான் நிற்கிறது என்று ஒரு மதியச் சாப்பாட்டு மேசையில் புலம்பினார். கணினி என் தொழில். நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அலுவலகத்தில் எனக்கு அப்போது இருபத்திரண்டு வருடம். யாரும் என்னை ஒரு குறை சொன்னதில்லை, யாரும் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டதும் இல்லை. திங்கட்கிழமை வந்தால் வார இறுதி எப்படிப் போனது என்று கேட்பார்கள்; நான் வாயைத் திறப்பதற்குள் தேநீர்க் கேத்தலிடம் போய்விடுவார்கள். நானும் லேசுப்பட்டவன் இல்லை. காலையில் சாமி கும்பிட்டுப் பூசிய திருநீற்றை மிட்சம் தரிப்பிடத்தில் ட்ராம் ஏறியதும் கைக்குட்டையால் துடைத்துவிடுவேன். யாரும் துடைக்கச் சொல்லவில்லை. துடைத்தால் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.

கமராக்களில் இருந்த பிழை பெரிய விஷயமில்லை. இரண்டு கமராக்கள் சூரியனைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்தன. மூன்றின் முன்னால் செடியை வெட்டவில்லை. நான் எல்லாவற்றையும் வடக்கே திருப்பி, முன்னால் துப்புரவாக்கி, எந்த அசைவுக்குப் படம் எடுக்கவேண்டும் என்பதையும் திருத்திக் கொடுத்தேன். காஞ்சோண்டி போலச் சுணைக்கும் ஒரு செடி அந்தக் காட்டில் உண்டு. அது முழங்கை வரை பிடித்து இரண்டு நாள் சொறிந்தேன். ஆனால் ஜூலை முடிவதற்குள் எந்த மான் எந்த வழியால் எத்தனை மணிக்குப் போகிறது என்று வீட்டு சோபாவில் இருந்தபடியே சொல்லக்கூடியவனாகிவிட்டேன். ஆண் புள்ளிமானைச் சுடும் பருவம் ஆகஸ்டில் தொடங்குகிறது. கை விரித்தது போலக் கொம்புள்ள பெரிய ஆண் ஒன்று, ஒவ்வொரு விடியலிலும் கோதுமை வயலில் இருந்து மூன்றாம் கமராவைத் தாண்டி ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் படத்தை நான் அனுப்பிய அன்று, உன் கமரா இல்லாவிட்டால் நான் குருடன் என்று மேலாளர் பதில் எழுதினார். அந்த ஒரு வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மனைவிக்கும் காட்டினேன்.

"அந்த வாயில்லாச் சீவனைச் சுடப் போறவைக்கு நீங்கள் ஏன் வழி காட்டுறியள்?" என்றாள் அவள்.

உனக்கு இதெல்லாம் விளங்காது என்று சொன்னேன். அவளுக்கு நன்றாகத்தான் விளங்கியிருந்தது.

பருவம் தொடங்கி முதல் சனிக்கிழமை. விடியற்காலையில் மேலாளர் அந்தப் பெரிய ஆணுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்விட்டார். நானும் வீட்டில்தான் இருந்தேன். பத்து மணிபோல மூன்றாம் கமராவில் இருந்து படம் வந்தது. கீழே 'மனிதர்' என்று எழுதியிருந்தது. ஒரு முதுகு, ஒரு தொப்பி, ஒரு கடைப் பை. அடுத்த படத்தில் மனிதர் இல்லை. வெட்டிய ஓக் மரத்தின் அடிக்கட்டையில் ஒரு வாழையிலைத் துண்டு, அதன்மேல் ஒரு கைப்பிடி வெள்ளைச் சோறு, சோற்றில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள்.

எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. சனிக்கிழமை, காகத்துக்கு எள்ளுச் சோறு. யாருக்கோ ஏழரைச் சனி. காகம் சனீஸ்வரனின் வாகனம். விரதகாரர் முதலில் அதற்கு வைத்து, அது கொத்திய பிறகுதான் தான் வாயில் வைப்பார். என் மனைவியே அன்று காலை எங்கள் பின்வளவு மதிலில் ஒரு உருண்டை வைத்துவிட்டு, காகம் எடுக்கும்வரை கதவடியில் நின்றாள். முன்பு தோட்டத்தில் இலை போட்டுத்தான் வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் எலி வருகிறது என்று முறையிட்டு, கவுன்சிலில் இருந்து கடிதம் வந்த பிறகு இலை போய் உருண்டையாகிவிட்டது. ஒருவர் பஸ் பிடித்துக் காட்டுக்குப் போய்ச் சோறு வைப்பதற்கு அப்படி ஒரு கடிதம் காரணமாக இருக்கும் என்பதும் எனக்கு அப்போதே தோன்றியது.

படங்கள் என் கைபேசிக்கு மட்டும் வருவதில்லை. மேலாளருக்கும் பண்ணைக்காரருக்கும் சேர்த்தே போகும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்த கெட்டிக்காரனும் நான்தான். இது என்ன என்று மேலாளர் எழுதிக் கேட்டார். தெரியவில்லை என்று பதில் போட்டேன். சொன்னால் சோறு என்பதில் தொடங்கி, காகம், சனி, ஏழரை வருடம் என்று எங்கே போய் முடியும்? திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் அதை வைத்து யாராவது என்னிடம் பகிடி விடுவார்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

பண்ணைக்காரர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ பருந்துகளைக் கொல்ல நஞ்சு கலந்த தீன் வைத்து, அதைத் தின்ற அவருடைய நாய் செத்துப் போயிருக்கிறது. கறுப்புப் பொட்டைப் பார்த்ததும் அவருக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. போய்ப் பார்த்தாராம், அதற்குள் கட்டையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. ஆளைக் கையோடு பிடிக்கவேண்டும், அந்தக் கமராவைச் சத்தத்தோடு வீடியோ எடுக்கும்படி மாற்று என்று எனக்கு எழுதினார். ஐந்து நாள் அவகாசம் இருந்தது. அது எள்ளு என்று ஒரே ஒரு வரி எழுதினால் முடிந்தது. நான் வீட்டில் இருந்தபடியே வீடியோவுக்கு மாற்றிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மேலாளர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விடியலில் மான் அகப்படவில்லை. பத்து மணிக்குப் பண்ணை வாசலில் பண்ணைக்காரருடைய பிக்கப் வண்டிக்குள் நாங்கள் மூன்று பேரும் பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். சோறு வைத்தவர் வரக்கூடாது என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். வேண்டியது அவருக்காக அல்ல, எனக்காக. கைபேசிகள் மூன்றும் ஒன்றாக ஒலித்தன.

மேலாளர் வீடியோவைத் திறந்து நடுவில் பிடித்தார். வந்தவருக்கு எழுபது வயது இருக்கும். வெயில் நாளிலும் கம்பளித் தொப்பி, தடித்த கோட்டு. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து இலையில் சோற்றைக் குவித்தார். இரண்டு அடி பின்னால் வந்து, தலையை மேலே தூக்கி, "கா... கா... கா..." என்று கூப்பிட்டார். வண்டிக்குள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் மரத்தைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போலச் சொன்னார்:

"வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ. எனக்கும் பசிக்குது."

வீடியோ அதோடு நின்றுவிட்டது. மேலாளர் என் பக்கம் திரும்பினார். அவர் பேசுவது உங்கள் மொழியா என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு குத்தலும் இல்லை. அறிய விரும்பிக் கேட்டார், அவ்வளவுதான். நான் தலையை ஆட்டி, இல்லை, வேறு ஏதோ மொழி போலிருக்கிறது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அந்தச் சோற்றையும் சேர்த்து மறைத்துவிட்டேன்.

வண்டி அடிக்கட்டைக்குக் கிட்டே போய் நின்றபோது அவர் இன்னும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு காகங்கள் உயரத்தில் இருந்தன. எங்கள் கதவுகள் அடித்த சத்தத்தில் அவை எழுந்து போய்விட்டன. அவர் முதலில் கவனித்தது அதைத்தான். அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலை வணக்கம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பண்ணைக்காரர் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. இது தனியார் நிலம், மக்கள் நடக்கும் பாதை அந்தப் பக்கம் இருக்கிறது என்றார். சோற்றில் இருக்கும் கறுப்பு என்ன என்று கேட்டார். பெரியவர் எள்ளுக்கு ஆங்கிலச் சொல்லைத் தேடினார். அகப்படவில்லை. எள்ளு, எள்ளு என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். எனக்கு அந்தச் சொல் நாக்கு நுனியில் நின்றது. பண்ணைக்காரர் இலையைச் சுட்டிக் காட்டி, நஞ்சு இல்லை என்றால் ஒரு வாய் அள்ளிச் சாப்பிடு பார்க்கலாம் என்றார்.

பெரியவர் பின்னால் போனார். இரண்டு கையையும் விரித்து வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார்.

"நோ, நோ. ஃபர்ஸ்ட் குரோ. மீ ஆஃப்டர்."

பண்ணைக்காரர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தலையை ஆட்டினார். அவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. முதலில் காகம் தின்னட்டும் என்று ஒருவன் சொன்னால், அது தான் தின்னப் பயந்த சோறு என்றுதானே அர்த்தம்? எங்கள் மூன்று பேரில், காகம் கொத்தாத சோற்றை அவர் ஏன் தொடமாட்டார் என்று தெரிந்த ஒரே ஒருவன் நான், கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். ஒரு வாய் தின்றிருந்தால் அவர் அந்த இடத்திலேயே தப்பியிருக்கலாம். அவருக்கு அது தெரியாமல் இல்லை. யாருக்காகப் பிடித்த விரதமோ, அதை அவர் விடவில்லை.

அப்போதுதான் அவர் என்னைச் சரியாகப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"தம்பி, நீங்கள் தமிழோ? இவையளுக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ."

மன்னிக்கவேண்டும், நீங்கள் சொல்வது எனக்கு விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் தேய்த்தும் என் ஆங்கிலத்தை விட்டு யாழ்ப்பாணம் போகவில்லை. வாயைத் திறந்தால் எங்கள் ஆட்களுக்கு உடனே பிடிபடும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் சரி என்பது போல மெல்லத் தலையசைத்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பண்ணைக்காரர் கையுறை போட்டு, சோற்றை இலையோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினார். பொலீசுக்குக் கொடுத்துப் பரிசோதிக்கவேண்டும் என்றார். பெரியவரின் முகத்தைக் கைபேசியில் படம் எடுத்தார். இனி இந்தப் பக்கம் வந்தால் நேராகப் பொலீஸ்தான் என்றார். பெரியவர் வெறும் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தார். பாதை எந்தப் பக்கம் என்று பண்ணைக்காரர் காட்ட, அந்தப் பக்கமாக நடந்து போனார். காகம் எடுக்கவில்லை. இனி வீட்டில் போய்ச் சமைத்து வைத்து வேறு காகத்தைக் கூப்பிடலாம். ஆனால் வீட்டில் வைக்க முடிந்தவர் என்றால் இங்கே ஏன் வருகிறார்? அன்று அவர் சாப்பிடப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். மனைவி வேட்டை எப்படி என்று கேட்டாள், ஒன்றும் அகப்படவில்லை என்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பரிசோதனை மறுமொழி வந்தது. சோறு, எள்ளு, கொஞ்சம் உப்பு. வேறு ஒன்றுமில்லை. மேலாளர் அதை அலுவலகத்தில் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். யாரோ அந்தக் கிழவர் பாவம் என்றும் சொன்னார்கள். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெரிய ஆணை அடுத்த வாரமே விழுத்திவிட்டார்கள்; நான் குறித்துக் கொடுத்த இடம், நான் குறித்துக் கொடுத்த நேரம். இறைச்சியில் எனக்கும் ஒரு பொதி வந்தது. ட்ராம் தரிப்பிடத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு பொய் சொல்லிக் கமரா வேலையையும் கைவிட்டேன். செப்டெம்பர் முழுவதும் மேலாளர் தேநீர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் இவ்வளவு காலம் ஆசைப்பட்ட தேநீர் அது. குடிக்கும்போதெல்லாம் மேலாளரோடு எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதர் எனக்கு என்ன செய்தார்? ஒரு கேள்வி கேட்டார், நான் பொய் சொன்னேன். என்னோடு வரவேண்டிய கோபத்தை ஊரார் மேல் இறக்கிவைப்பது என் பழைய வியாதி.

புரட்டாதிச் சனிகளில் நாங்கள் லூயிஷாம் கோயிலுக்குப் போவோம். இந்த முறை ஏதாவது சாட்டுச் சொல்லி மூன்று சனியைக் கடத்திவிட்டேன். கடைசிச் சனியன்று மனைவி விடவில்லை. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற வரிசை வெளி மண்டபம் வரை வந்திருந்தது. எண்ணெய்ச் சட்டியை என் கையில் தந்துவிட்டு அவள் பூ வாங்கப் போனாள். மேற்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டு, வேட்டியோடு வரிசையில் நின்ற நான் நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு நேர் முன்னால் அவர் நின்றார். தொப்பி இல்லை, கோட்டு இல்லை. ஆனாலும் அந்த முதுகு எனக்கு அடையாளம் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் இருபது பேர், கையில் எண்ணெய்.

யாரோ இடித்ததில் என் சட்டி தளும்பி அவருடைய வேட்டிக் கரையில் இரண்டு துளி பட்டது. திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த எள்ளெண்ணெயைப் பார்த்தார். ஒரு பக்கமாக விலகி, கையைக் காட்டி, ஆங்கிலத்தில் சொன்னார்:

"யூ கோ ஃபர்ஸ்ட், சேர்."

காது இரண்டும் சுட்டது. இவரைக் கண்டால் என்ன சொல்லவேண்டும் என்று இரண்டு மாதமாக ட்ராமில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நஞ்சு இல்லை என்று தெரிந்துவிட்டது ஐயா, பண்ணைக்காரரின் நாய் செத்தது ஐயா, என் வேலை அப்படி ஐயா. அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து நான் யோசித்த ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஐயா, அண்டைக்குச் சாப்பிட்டனீங்களோ?"

முன்னால் யாரோ திரியைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

"அதை விடுங்கோ தம்பி," என்றார். "அத்தனை ஆக்களுக்கு முன்னாலை உங்களை அப்பிடிக் கேட்டது என்ரை பிழை."

வரிசை நகர்ந்தது. அவர் விலகி நின்ற இடத்தால் நான்தான் முன்னே போனேன்.